மடியில் இருந்த குழந்தையும் ஒரு விதிவிலக்கும்

போன மாதம் ஐயப்பன்தாங்கல் பஸ் டெப்போவைத் தாண்டி பூந்தமல்லிப் பக்கம் போய்க்கொண்டிருந்தோம். குறுக்கே ஒரு ஷேர் ஆட்டோ வர, எங்கள் கால் டாக்சி சட்டென்று பிரேக் போட்டது. அக்கா மடியில் இருந்த ஒன்றரை வயசுக் குழந்தையின் தலை முன்சீட்டில் போய் இடித்தது. நல்லவேளை, காயம் எதுவும் இல்லை. "கெட்டியாத்தானே பிடிச்சிருந்தேன்!" என்று அக்கா திரும்பத் திரும்பச் சொன்னாள்.

இந்த நம்பிக்கை ஒரு காலத்தில் சட்டத்திலேயே இருந்தது. காரில் போகும் குழந்தைக்குத் தனி இருக்கை கட்டாயம் என்று அமெரிக்காவில் முதலில் சட்டம் போட்ட மாநிலம் டென்னசி. அது 1978 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. அதற்காகப் போராடியவர் டாக்டர் ராபர்ட் சாண்டர்ஸ் என்ற குழந்தை மருத்துவர். ஆனால் சட்டசபையில் ஒரு விதிவிலக்கைச் சேர்த்துவிட்டார்கள்: பெரியவர் ஒருவர் கையில் வைத்திருந்தால் போதும், இருக்கை வேண்டாம். குழந்தையை நசுக்கும் விதி இது என்று சாண்டர்ஸ் விடாமல் எதிர்த்தார். 1981இல் அதை நீக்கினார்கள். 1985க்குள் எல்லா அமெரிக்க மாநிலங்களிலும் இப்படி ஒரு சட்டம் வந்துவிட்டது.

அவர் ஏன் அவ்வளவு பிடிவாதமாக இருந்தார்? கணக்குப் போட்டுப் பாருங்கள். 50 கி.மீ. வேகத்தில் போகிற கார் மோதி, நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரத்தில் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். 10 கிலோ குழந்தையைப் பிடித்து நிறுத்த ஏறக்குறைய 140 கிலோ மூட்டையைத் தாங்குகிற பலம் வேண்டும். எந்தத் தாயின் கைக்கும் அது முடியாது. பெல்ட் போடாத தாயாக இருந்தால், அவர் உடம்பே குழந்தையை முன்சீட்டோடு அழுத்தும்.

நம் நாட்டில் இது சட்டமானது 2019இல்தான். திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 194பி பிரிவுப்படி, 14 வயதுக்குட்பட்ட குழந்தை சீட் பெல்ட்டோ குழந்தை இருக்கையோ இல்லாமல் காரில் போனால் 1,000 ரூபாய் அபராதம். மடிக்கு விதிவிலக்கு அதில் இல்லை. அதை நாமாகவே சேர்த்துக்கொண்டோம்.

அக்கா இப்போது ஒரு குழந்தை இருக்கை வாங்கிவிட்டாள். டாக்சி வந்ததும் முதலில் அதைப் பின்சீட்டில் மாட்டுகிறாள். ஐந்து நிமிஷம் ஆகிறது. டிரைவர் முணுமுணுக்கிறார். அப்பாவும் விடவில்லை: "உங்களையெல்லாம் மடியில வெச்சுத்தானே கூட்டிட்டுப் போனோம்?" உண்மைதான். அன்றைக்கு எங்கள் வண்டி எதிலும் மோதவில்லை, அவ்வளவுதான்.