எந்தத் தெரு?

ஜீயபுரத்திலிருந்து ரயிலேறித் திருச்சிக்குப் படிக்கப் போகிற நம்ம பிள்ளைகளுக்குச் சிநேகிதம் கிடைப்பது கஷ்டமில்லை. "எந்த ஊரு?" "ஜீயபுரம்." அதுவரை சரி. அடுத்த கேள்வியில்தான் சிக்கல்: "ஜீயபுரத்துல எந்தத் தெரு?" ஊரைச் சொன்ன வாய் தெருவைச் சொல்லத் தயங்குகிறது. இந்தத் தயக்கத்துக்கு நூறு வருஷத்துக்கு மேற்பட்ட வரலாறு உண்டு.

இரட்டைமலை சீனிவாசன் கோயமுத்தூரில் படித்தபோது சுமார் 400 மாணவர்களில் 10 பேர் நீங்கலாக எல்லோரும் பிராமணர்கள். யாரிடமாவது பழகினால் சாதியும் குடியிருப்பும் தெரிந்துவிடும் என்று பயந்து, மணியடிக்கும்வரை பள்ளிக்கு வெளியிலேயே படித்துக்கொண்டிருப்பார். வகுப்பு விட்டதும் யாரும் எட்டிப் பிடிக்காதபடி வீட்டுக்கு விரைவார். 1930இல் வட்டமேசை மாநாடு வரை போய்வந்தவர் அவர். ஆனாலும் பிள்ளைகளோடு விளையாட முடியாமல் போன அந்த வேதனையை மறக்காமல், 1939இல் வந்த தன் 'ஜீவிய சரித்திரச் சுருக்க'த்தில் எழுதிவைத்தார்.

ரயில் வந்தால், பட்டணம் வளர்ந்தால் சாதி போய்விடும் என்றார்கள். 1860களில் திருச்சியிலிருந்து கரூர், ஈரோடு பக்கம் இருப்புப்பாதை போட்டார்கள். பெட்டியில் தோளோடு தோள் உரசித்தான் உட்கார வேண்டியிருந்தது. ஆனால் திருச்சியைத் தலைமையிடமாகக் கொண்டிருந்த தென்னிந்திய ரயில்வேயின் ஸ்டேஷன் சாப்பாட்டுக் கடைகளில் 1941 வரை பிராமணர்களுக்குத் தனியிடம், மற்றவர்களுக்குத் தனியிடம். உட்காரும் இடம் ஒன்றாயிற்று. சாப்பிடும் இடம் ஒன்றாகவில்லை.

பெரிய படிப்புப் படித்தால்? அமெரிக்காவிலும் லண்டனிலும் படித்துத் திரும்பிய அம்பேத்கர் 1917இல் பரோடா சமஸ்தானத்தில் உத்தியோகத்தில் சேர்ந்தார். பார்சிப் பெயரில் தங்கியிருந்த விடுதிக்குத் தடிகளோடு வந்து அவரை வெளியேறச் சொன்னார்கள். இரண்டு நண்பர்களிடம் இடம் கேட்டார். ஒருவர் இந்து, நீ வந்தால் என் வேலைக்காரர்கள் போய்விடுவார்கள் என்றார். இன்னொருவர் பிராமணக் குடும்பத்திலிருந்து கிறிஸ்தவரானவர். மனைவியைக் கேட்க வேண்டும் என்றார். அம்பேத்கர் அன்றிரவே பம்பாய்க்கு ரயிலேறினார். அந்த இரண்டு பேரும் கெட்டவர்களில்லை. "எனக்கு ஒண்ணுமில்லப்பா, வீட்லதான்..." என்று இன்றைக்கும் நம்ம சிநேகிதர்கள் இழுக்கிறார்களே, அதே பேச்சுதான்.

சாதி பார்க்காத சிநேகிதனுக்கு நமக்குக் குறைவில்லை. சாதி பார்க்கிற தன் வீட்டோடு சண்டை போடுகிற சிநேகிதன்தான் வேண்டும். தெருவை மறைக்கிற பாரம் முழுவதையும் இதுவரை நம்ம பிள்ளைகளே சுமந்தார்கள். இனிமேல் பதில் சொல்ல வேண்டியவன் கேட்கிறவன்: தெருவைத் தெரிந்துகொண்டு என்ன செய்யப் போகிறாய்?