ஈரத்தின் பழி

எங்கள் வீட்டு மச்சில் பச்சை பெயின்ட் அடித்த டிரங்குப் பெட்டி ஒன்று இருக்கிறது. அம்மாவின் கல்யாணப் பெட்டி. மேலாக நாலைந்து சேலைகள், அதற்கும் கீழே பழைய செய்தித்தாளில் சுற்றிய ஆறு துண்டுகள். அந்தத் துண்டுகளை யாரும் உடுத்தியதில்லை, துவட்டியதுமில்லை. வெள்ளைத் துண்டில் கடுகு தெளித்த மாதிரி கரும்புள்ளிகள். முப்பது வருஷம் கழித்தும் பொதியைப் பிரித்தால் மக்கல் வாடை மூக்கில் ஏறும். "அதை எதுக்கும்மா வச்சிருக்கே, தூக்கிப் போடு" என்று பல முறை சொல்லியிருக்கிறேன். "உங்கப்பா போட விடமாட்டாக" என்பாள்.

சங்கரன்கோவில் என்றால் வெளியூர்க்காரர்களுக்கு ஆடித்தபசும், கோமதியம்மனும், புற்றுமண்ணும், பிரியாணியும் நினைவுக்கு வரும். எங்களுக்குத் தறிச் சத்தம். எங்கள் தெருவில் விடியற்காலையில் சேவல் கூவி யாரும் எழுந்ததில்லை. தறி ஓட ஆரம்பித்தால் எழுவோம். மின்சாரம் போய்த் தறி நின்றாலும் அந்த அமைதியில் தூக்கம் கலைந்து எழுவோம்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஓர் ஐப்பசி. தீபாவளிக்கு முன்னால் வடக்கே ஒரு வியாபாரிக்கு அப்பா துண்டு அனுப்பினார். சரக்கு போன மூன்றாவது வாரம் அத்தனை மூட்டையும் திரும்பி வந்தது. பிரித்ததும் வீடு முழுக்க ஒரு வாடை. கிணற்றடிச் சாக்கை மழையில் நனையவிட்டு மடித்து வைத்தால் வருமே, அது. உள்ளே இருந்த துண்டுகளில் பூசணம் பூத்திருந்தது.

அப்பா நேரே கஞ்சி போடும் அண்ணாச்சி வீட்டுக்குப் போனார். நானும் பின்னால் ஓடினேன்.

"என்ன கஞ்சிய போட்டீரு? மாவு புளிச்சுப் போயிருந்திச்சோ? துத்தத்தைக் குறைச்சீரோ?"

"நான் எப்பவும் போடுத கஞ்சிதான் போட்டேன். என் பாவு காஞ்சுதான் உங்க தறிக்கு வந்துச்சு."

"அப்ப பூசணம் என் வீட்லயா முளைச்சுது?"

அதோடு பேச்சு நின்றது. அந்த வருஷக் கஞ்சிக் கூலியை அப்பா கொடுக்கவில்லை. அடுத்த பாவு வேறு ஆளுக்குப் போனது. ஊருக்குள் "அவரு கஞ்சியில பூசணம் வருதாம்" என்ற சொல் பரவியது. இரண்டு வருஷத்தில் அண்ணாச்சி கஞ்சித் தொட்டியை விற்றுவிட்டு ஒரு மளிகைக் கடையில் கணக்கெழுதப் போனார்.

*

இந்தச் சண்டை எங்கள் தெருச் சண்டை என்றுதான் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். பிறகு ஒருநாள், வேறு எதையோ தேடிக்கொண்டிருந்தபோது, 1877ல் மான்செஸ்டரில் வெளியான ஒரு புத்தகம் கண்ணில் பட்டது. எழுதியவர் வில்லியம் தாம்சன் என்ற வேதியியலாளர். பருத்தித் துணிக்குக் கஞ்சி போடுவது, அதில் பூசணம் வருவதன் காரணம், அதைத் தடுக்கும் வழி, இவைதான் புத்தகத்தின் பொருள். இதற்கென்று ஒரு முழுப் புத்தகமா என்று வியந்தேன். 1880ல் இதே விஷயத்துக்கு மூன்று பேர் சேர்ந்து எழுதிய இன்னொன்றும் வந்திருக்கிறது. லங்காஷையர் முழுக்க அன்று எங்கள் தெருவாகத்தான் இருந்திருக்கிறது!

தறி தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். நெடுக்கு நூல் பாவு, குறுக்கு நூல் ஊடை. தறியில் அடி வாங்குவது பாவுதான். அச்சு ஒவ்வொரு முறை அடிக்கும்போதும் நூல் உரசும், பிசிர் எழும், அறும். அதனால் பாவுக்குக் கஞ்சி போட்டுப் பிசிரைப் படிய வைத்து, நூலுக்கு ஒரு விறைப்பு கொடுக்கிறோம். கஞ்சி என்பது மாவு. மாவு சோறு. நமக்கு மட்டும் சோறு இல்லை, பூசணத்துக்கும் சோறு. நூலைக் காப்பாற்றுகிற பொருளே பூசணத்தையும் விருந்துக்கு அழைக்கிறது.

லங்காஷையரில் இது எல்லை மீறிப் போனதற்கு இரண்டு போர்கள் காரணம். 1850களின் கிரிமியப் போரில் ரஷ்யாவிலிருந்து வந்துகொண்டிருந்த மாட்டுக் கொழுப்பு விலை ஏறியது. கஞ்சியில் கொழுப்புக்கும் மாவுக்கும் பதிலாக கார்ன்வால் பகுதியின் சீனக்களிமண்ணைக் கலக்க ஆரம்பித்தார்கள். பிறகு 1861ல் அமெரிக்க உள்நாட்டுப் போர். அமெரிக்கப் பஞ்சு நின்றுபோனது. இந்தியப் பஞ்சு கப்பல் கப்பலாகப் போனது. தூத்துக்குடி வழியாக நம் திருநெல்வேலிச் சீமைக் கரிசல் பஞ்சும் இங்கிலாந்துக்கு ஏற்றுமதியாகிக்கொண்டிருந்த காலம். இந்தியப் பஞ்சின் இழை குட்டை. இயந்திரத் தறியில் அடிக்கடி அறுந்தது. அறாமல் இருக்க இன்னும் கெட்டியாகக் கஞ்சி போட்டார்கள். கூடவே ஒரு லாபக் கணக்கும் இருந்தது. துணியின் எடையில் பாதி வரை களிமண்ணாலும் மாவாலும் ஏற்றலாம் என்று தெரிந்துகொண்டார்கள். பஞ்சு விலைக்கு மண்ணை விற்கலாம்.

களிமண் காய்ந்தால் உதிரும். உதிராமல் இருக்கத் துணியில் எப்போதும் கொஞ்சம் ஈரம் வேண்டும். அதற்காக மெக்னீசியம் குளோரைடு சேர்த்தார்கள். மழைக்காலத்தில் திறந்து வைத்த கல்லுப்பு எப்படிக் கசியுமோ, அதைவிட அதிகமாகக் காற்றிலிருந்து தண்ணீரை இழுக்கிற உப்பு அது. ஆக, துணியில் மாவு இருக்கிறது. ஈரத்தை இழுத்து வைக்கும் உப்பும் இருக்கிறது. இதை மூட்டையாக அழுத்திக் கட்டி, கப்பலின் அடித்தட்டில் போட்டு, வெப்பக் கடல்களைக் கடந்து பம்பாய்க்கும் கல்கத்தாவுக்கும் அனுப்பினால் என்ன ஆகும்? பிரிக்கும்போது எங்கள் வீட்டில் வந்த அதே வாடைதான். பூசணத்தைக் கொல்ல துத்தநாகக் குளோரைடைச் சேர்க்கலாம் என்பதைப் பிறகு கண்டுபிடித்தார்கள். அளவு குறைந்தால் பூசணம் வரும். எங்கள் ஊரில் கஞ்சியில் சேர்த்தது மயில்துத்தம். வேலை ஒன்றுதான்.

அங்கேயும் முதல் கேள்வி, நட்டத்தை யார் ஏற்பது என்பதுதான். நெய்தவர் கஞ்சிக்காரரைச் சொல்வார். கஞ்சிக்காரர் மூட்டை கட்டியவரைச் சொல்வார். வியாபாரி கப்பலைச் சொல்வார். பூசணத்தின் வேதியியலைப் படிக்க அவ்வளவு பேர் முனைந்ததற்கு அறிவு ஆர்வத்தை விட இந்த வழக்குதான் பெரிய காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது.

இந்த வழக்கில் பேசப்படாத ஒரு தரப்பு இருந்தது. களிமண் கஞ்சிப் பாவு அறாமல் ஓட, நெசவுக் கொட்டகைக்குள் நீராவியை விட்டார்கள். ஈரத்திலும் களிமண் தூசியிலும் நின்றவர்களுக்கு நெஞ்சு கட்டியது. டாட்மார்டன் ஊர் நெசவாளர்களின் முறையீட்டின் பேரில் டாக்டர் ஜார்ஜ் புக்கானன் விசாரித்து 1872ல் அறிக்கை கொடுத்தார். கொட்டகைக்குள் ஈரம் எவ்வளவு இருக்கலாம் என்று வரம்பு கட்டும் சட்டம் 1889ல்தான் வந்தது. இடையில் பதினேழு வருஷம்.

*

துணியில் வாடை வந்தால் யாரைக் கேட்பது என்ற கேள்வி நம் பக்கத்தில் இன்னும் பழையது. புறநானூற்றில் களர் நிலத்தில் கிணறு தோண்டித் துணி வெளுக்கும் பெண் வருகிறாள். குறுந்தொகையில் கஞ்சிப் பசை தோய்த்து அலசுகிறவள் வருகிறாள். இரண்டிலும் அவளுக்குப் பெயர் புலைத்தி. களர் நிலத்தை அவள் தேர்ந்தெடுத்தது சும்மா இல்லை. அந்த மண்ணில் சோடா உப்பு இருக்கிறது. எண்ணெயையும் அழுக்கையும் கரைக்கும். அதைத்தான் நாம் உவர்மண் என்கிறோம். சவுக்காரம் வருவதற்கு முன் தமிழ்நாடு முழுக்க வெளுத்தது உவர்மண்ணும் வெள்ளாவியும்தான்.

வெள்ளாவியை நான் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். உவர்மண் கரைசலில் முக்கிப் பிழிந்த துணிகளைப் பானைகளின் மேல் கோபுரமாக அடுக்குவார்கள். கீழே இரவு முழுக்கத் தீ எரியும். ஆவி துணி வழியே மேலேறும். மறுநாள் அலசி, வெயிலில் விரிப்பார்கள். காரம், ஆவி, வெயில் என்று மூன்று அடி. வாடை உண்டாக்கும் எந்தக் கிருமிக்கும் இதைத் தாண்டி உயிரோடு இருப்பது கஷ்டம்.

2012ல் ஜப்பானிய ஆய்வாளர்கள் துவைத்த துணியில் திரும்பத் திரும்ப வரும் வாடைக்குக் காரணமான பாக்டீரியாவை அடையாளம் கண்டார்கள். பெயர் மொராக்ஸெல்லா ஆஸ்லோயென்சிஸ். நம் தோலின் எண்ணெயைத் தின்று ஒருவகைக் கொழுப்பு அமிலத்தை வெளியிடுகிறது. நாம் முகர்வது அதைத்தான். சாதாரணத் துவைப்பிலும் உலர்த்தலிலும் அது முழுக்கச் சாவதில்லை. காய்ந்த துண்டில் வாடை இல்லை, முகம் துடைத்ததும் வருகிறதே, அந்த மர்மம் இதுதான். சோப்பை அதிகமாகப் போட்டால் இது போகாது. கொதிக்கும் வெந்நீரில் ஊறப் போடுவதும் சுள்ளென்ற வெயிலும் கைகொடுக்கும். ஆய்வகம் 2012ல் கண்ட விஷயத்துக்கு வைத்தியத்தை வெள்ளாவிக்காரர் முன்னமே செய்துகொண்டிருந்தார்.

ஆனால் அந்த வெயில்கூட எல்லாருக்கும் கிடைக்கவில்லை. 1932 டிசம்பரில் ஹிந்து நாளிதழில் நம் திருநெல்வேலி மாவட்டத்தைப் பற்றி ஒரு செய்தி வந்தது. ஜே. எச். ஹட்டன் தன் சாதி பற்றிய நூலில் அதை எடுத்தாள்கிறார். தீண்டப்படாதவர்கள் என்று ஒதுக்கப்பட்டவர்களுக்கே துணி வெளுத்த புதிரை வண்ணார்கள், கண்ணில் படவே கூடாதவர்களாக நடத்தப்பட்டார்கள். நள்ளிரவுக்கும் விடியலுக்கும் இடையில்தான் அவர்கள் வேலை செய்ய வேண்டியிருந்தது. இமையத்தின் 'கோவேறு கழுதைகள்' (1994) நாவலை வாசித்தவர்களுக்கு அந்த வாழ்க்கை கொஞ்சம் தெரியும். ஊரின் அழுக்கை எடுத்தவர்களுக்குப் பகலே இல்லை என்று வைத்தார்கள். இருட்டில் துவைத்த துணியில் வாடை இருந்திருந்தால் அந்தக் குற்றமும் யார் தலையில் விழுந்திருக்கும்? துணியின் வாடைக்குப் பழி எப்போதும் கீழே நிற்கிறவர் பக்கமாகவே உருண்டு போகிறது.

*

அம்மா அந்த மூட்டைகளைக் காப்பாற்ற ஒரு மாசம் பாடுபட்டாள். கல்லடுப்பில் அண்டா ஏற்றிச் சலவைச் சோடா போட்டு அவித்தாள். எலுமிச்சையும் உப்பும் தேய்த்து வெயிலில் போட்டாள். சாம்பிராணி காட்டினாள். வேப்பிலை, நொச்சி, வசம்பு, பாச்சா உருண்டை என்று பெட்டியில் என்னென்னவோ வைத்தாள். இன்று யோசித்தால் இதில் பாதி பூசணத்துக்கான மருந்தே இல்லை. நொச்சியும் வசம்பும் பூச்சியை விரட்டும், சாம்பிராணி ஒரு வாடையை இன்னொன்றால் மூடும். பாச்சா உருண்டையும் பூச்சிக்குத்தான். அதோடு அந்த ஆவி பச்சைப் பிள்ளைகளுக்கு ஆகாது. ஜி6பிடி என்ற நொதிக் குறைவுள்ள குழந்தைக்கு, உருண்டை போட்டு வைத்த துணியைச் சுற்றினாலே ரத்த அணுக்கள் உடையக்கூடும். பூசணத்துக்கு வேண்டாதது ஒன்றே ஒன்றுதான்: உலர்ச்சி. அவித்த துண்டுகளில் வாடை பெருமளவு போனது. புள்ளி போகவில்லை. பூசணத்தின் நிறம் இழைக்குள்ளேயே இறங்கிவிடுகிறது. அரை விலைக்குத் தள்ளினோம். மிச்சம்தான் பெட்டியில் இருக்கும் ஆறு. அவை அவிக்காதவை.

போன வருஷம் அப்பாவிடம் மான்செஸ்டர் புத்தகத்தைப் பற்றிச் சொன்னேன். எண்பது தாண்டிவிட்டார், காது மந்தம். களிமண், கிரிமியப் போர், கப்பல், வழக்கு எல்லாவற்றையும் சத்தமாகச் சொன்னேன். நன்றாகக் காய்ந்தது என்று நாம் நினைக்கிற பருத்தித் துணியிலேயே நூறு கிராமுக்கு ஏழெட்டு கிராம் தண்ணீர் இருக்கும்; அடைமழையில் அது இரட்டிப்பாகும்; கஞ்சியில் குறையே இல்லாவிட்டாலும் அந்த ஈரத்தோடு மூடிக் கட்டினால் பூசணம் வரலாம் என்றும் சொன்னேன்.

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு மெதுவாகச் சொன்னார்.

"அன்னைக்கு ராத்திரி மழை. லாரி காலைல நாலு மணிக்கு. துண்டு கையில எடுத்தா சில்லுனு இருந்துச்சு. உங்கம்மா சொன்னா, ஒருநாள் விரிச்சுப் போட்டுக் கட்டுவோம்னு. நான்தான் பாலிதீன் தாளு போட்டுக் கட்டுனேன். நனையக் கூடாதுன்னு."

மழை உள்ளே போகாமல் இருக்கப் போட்ட தாள், ஈரம் வெளியே வராமலும் பார்த்துக்கொண்டது.

"அப்பவே தெரியுமாப்பா?"

"பிரிச்சதும் தெரிஞ்சுது. தாள் உள்பக்கமா வேர்த்திருந்துச்சு."

அண்ணாச்சி இறந்து ஏழெட்டு வருஷம் ஆகிறது. அவர் மகன் ராஜபாளையம் ரோட்டில் செல்போன் கடை வைத்திருக்கிறான். அப்பா என்னை அங்கே கூட்டிப் போகச் சொன்னார். அவர் கையில் ஒரு கவர் இருந்தது. முப்பது வருஷத்துக்கு முந்தைய கஞ்சிக் கூலி. வட்டி எப்படிப் போட்டாரோ தெரியாது. அந்தப் பையனுக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. "எதுக்கு மாமா இதெல்லாம்" என்று திருப்பித் திருப்பிக் கேட்டான்.

"உங்கப்பா கஞ்சி நல்ல கஞ்சிதான்" என்றார் அப்பா. கடையில் நின்றிருந்த மற்றவர்களுக்கும் கேட்கும்படி, காது கேளாதவர்கள் பேசுகிற உரத்த குரலில், இன்னொரு முறையும் சொன்னார்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா பெட்டியிலிருந்து அந்த ஆறு துண்டுகளை எடுத்தாள். பங்குனி வெயில். மொட்டை மாடிக் கொடியில் வரிசையாக விரித்துப் போட்டாள். அப்பா வேண்டாம் என்று சொல்லவில்லை.