செம்முழங்கால் டாரண்டுலா வளர்ப்பின் வரலாறு

செம்முழங்கால் டாரண்டுலா என்பது மெக்சிகோவின் பசிபிக் கரையோரப் பகுதிகளில் மண்ணில் வளை அமைத்து வாழும் ஒரு பெருஞ்சிலந்தி. கறுத்த உடலும், கால் மூட்டுகளில் செம்மஞ்சள் பட்டையும் இதன் அடையாளங்கள். வீட்டில் வளர்க்கப்படும் சிலந்திகளில் மிகவும் பேர்பெற்றவற்றுள் இதுவும் ஒன்று.

டாரண்டுலா என்ற பெயர் இத்தாலியின் தாரந்தோ நகரிலிருந்து வந்தது. அங்கே அப்பெயரால் அழைக்கப்பட்டது வேறு குடும்பத்தைச் சேர்ந்த ஓநாய்ச் சிலந்தி. அது கடித்தால் ஆடித் தீர்த்தால்தான் நஞ்சு இறங்கும் என்று மக்கள் நம்பினர். பின்னர் அமெரிக்கக் கண்டங்களுக்குச் சென்ற ஐரோப்பியர், அங்கே கண்ட மயிரடர்ந்த பெரிய சிலந்திகளுக்கும் அப்பெயரையே சூட்டிவிட்டனர். ஒன்றின் பழி மற்றொன்றின் மேல் விழுந்தது.

முதல் பதிவுகள்

மரியா சிபில்லா மெரியன் 1705இல் வெளியிட்ட சுரினாம் பூச்சிகள் பற்றிய நூலில், ஓசனிச்சிட்டைத் தின்னும் பெருஞ்சிலந்தியை வரைந்திருந்தார். பிற்காலத்தார் பலர் அதைக் கட்டுக்கதை என்று ஒதுக்கினர். அமேசான் பகுதியில் ஆய்வு செய்த ஹென்றி வால்டர் பேட்ஸ், சிறு குருவிகளைப் பிடித்த சிலந்தியைத் தாமே கண்டதாக 1863இல் எழுதிய பிறகுதான் மெரியனின் பேச்சு எடுபட்டது.

பேட்ஸின் அந்நூலில் வளர்ப்பு வரலாற்றுக்கு உரிய இரண்டு செய்திகள் உள்ளன. அவருக்காக உயிரினங்களைச் சேகரித்த பழங்குடிக் குடும்பத்துப் பிள்ளைகள், இத்தகைய சிலந்தி ஒன்றின் இடுப்பில் கயிறு கட்டி, நாய்க்குட்டியைப் போல வீட்டுக்குள் நடத்திச் சென்றனர். மற்றொன்று, முதல் சிலந்தியைக் கவனமின்றிக் கையாண்டதால் அதன் மயிர்கள் தோலில் ஏறி, அவர் மூன்று நாள் அரிப்பால் அவதிப்பட்டார். பல்லைவிட மயிரே தொல்லை என்பதை இன்று வளர்ப்போரும் அறிவர். அமெரிக்கக் கண்டத்து இனங்கள் பல, மிரண்டால் பின்னங்கால்களால் வயிற்று மயிரைத் தேய்த்துக் காற்றில் பறக்கவிடும். அது கண்ணில் பட்டால் மருத்துவரிடம் போக வேண்டியிருக்கும்.

அர்கன்சா பல்கலைக்கழகப் பூச்சியியலாளர் வில்லியம் பேர்க் டாரண்டுலாக்களைப் பல்லாண்டுகள் கூண்டில் வைத்துக் கவனித்தார். அவரது நூல் 1958இல் வெளிவந்தது. பெண் சிலந்தி 20 ஆண்டுகளுக்கு மேலும் வாழும் என்பது இத்தகைய பொறுமையான கவனிப்பினால் தெரியவந்தது. ஆணோ பருவமடைந்தபின் பெரும்பாலும் ஓரிரு ஆண்டுகளில் இறந்துவிடும்.

வணிகமும் தடையும்

நீண்ட ஆயுள், சாந்தமான சுபாவம், அழகிய நிறம் ஆகியவற்றால் செம்முழங்கால் சிலந்திக்கு வெளிநாடுகளில் கிராக்கி ஏற்பட்டது. காட்டில் வளை வளையாகத் தோண்டி எடுத்தனர். பருவமடையவே பல ஆண்டுகள் பிடிக்கும் உயிரினம் இது. முட்டையிடும் பெண்கள் போனால் அந்த இடம் விரைவில் நிரம்பாது. வளர்ப்பவருக்குப் பிடித்த அதே நீண்ட வாழ்க்கைதான் காட்டில் இதற்குக் கேடாயிற்று. 1985இல் சைட்டிஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் இது சேர்க்கப்பட்டு, அனுமதியின்றி நாடு விட்டு நாடு கொண்டுசெல்வது தடைப்பட்டது. 1994இல் அதன் பேரினம் முழுவதும் சேர்க்கப்பட்டது. ஆயினும் கடத்தல் ஓயவில்லை. 2010இல் லாஸ் ஏஞ்சலஸ் வந்த அஞ்சல் பொதி ஒன்றில் ஏறத்தாழ 300 உயிருள்ள டாரண்டுலாக்கள் இருந்தன.

வளர்ப்பு முறையில் மாற்றம்

தொடக்கக் காலத்தில் உயரமான கண்ணாடித் தொட்டி, மேலே சூடேற்றும் விளக்கு, நீர்க்கிண்ணத்தில் பஞ்சு என்று வைத்தனர். மூன்றுமே இன்று விலக்கப்படுகின்றன. உடல் கனத்த இச்சிலந்தி உயரத்திலிருந்து விழுந்தால் வயிறு வெடித்து இறக்கும். விளக்கின் வெப்பம் உடலை உலர்த்தும். பஞ்சு அழுகும். தாழ்ந்த பெட்டி, தோண்டும் ஆழத்துக்கு ஈரமில்லாத மண், ஒளிந்துகொள்ள ஓர் இடம், ஆழமற்ற கிண்ணத்தில் சுத்தமான நீர் இருந்தால் போதும். நம் ஊர் அறைவெப்பமே பெரும்பாலும் தாராளம். வாரம் ஒருமுறை ஒன்றிரண்டு சில்வண்டோ கரப்பானோ கொடுக்கலாம்.

புதிதாக வளர்ப்போர் அஞ்சுவது தோலுரிக்கும் காலத்தைத்தான். சிலந்தி வாரக்கணக்கில், சிலசமயம் மாதக்கணக்கில் உண்ணாது. பிறகு மல்லாந்து படுக்கும். செத்துவிட்டது என்று எண்ணித் தொட்டுவிடக் கூடாது. உயிருள்ள இரையைப் பெட்டியில் விட்டுவைத்தால் அது மென்மையான புதிய உடலைக் கடித்துக் குதறிவிடும். நச்சுப்பல் இறுகும்வரை, பெரிய சிலந்தியானால் ஒருவாரத்துக்கு மேல், உணவு தரலாகாது.

கையில் ஏந்தி விளையாடுவதால் சிலந்திக்கு எந்த நன்மையும் இல்லை. வளைவாயில் அசையாமல் அமர்ந்திருப்பதே அது நலமாக இருப்பதன் அறிகுறி. ஓயாமல் சுவரேறினால் மண்ணில் ஈரம் மிகுந்ததா என்று பார்க்க வேண்டும்.

இந்தியாவில் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 2022ஆம் ஆண்டுத் திருத்தப்படி, சைட்டிஸ் பட்டியலிலுள்ள அயல்நாட்டு உயிரினங்களை வைத்திருப்போர் பதிவு செய்ய வேண்டும்.

இன்று வெளிநாட்டு விற்பனைக்கு வருபவற்றுள் பல, கூண்டில் பொரித்த குஞ்சுகள். ஒரு முட்டைப்பையிலேயே நூற்றுக்கணக்கில் குஞ்சுகள் இருக்கும். சிலமுறை தோலுரித்த பின்னரே, உதிர்ந்த தோலை உருப்பெருக்கியில் பார்த்து ஆணா பெண்ணா என்று கூற இயலும். அதுவரை, வாங்கியவருக்குத் தம் பெட்டியில் இருப்பது சில ஆண்டுகளே வாழும் ஆணா, கால் நூற்றாண்டு வாழக்கூடிய பெண்ணா என்பது தெரியாது.