காணி என்ற பின்னம்

அக்கராயன் என்ற ஊரில் வயலும் காணிதான், வளவும் காணிதான். அந்த வயலுக்குப் பாயும் குளத்துத் தண்ணீருக்கோ அளவு ஏக்கர் அடி. ஓர் ஏக்கர் அடி 43,560 கன அடி. இந்த எண்ணைக் காரணிகளாகப் பிரித்தால் 2, 3, 5 ஆகியவற்றோடு 11 இரண்டு தடவை வருகிறது. பதினொன்றுக்குக் குளத்திலும் வேலையில்லை, வயலிலும் வேலையில்லை. ஆங்கிலேயரின் நில அளவுகோல் பதினாறரை அடி. நான்கு கோல் சேர்ந்தது 66 அடிச் சங்கிலி. பத்துச் சதுரச் சங்கிலி ஓர் ஏக்கர். எந்தக் கோலால் அளந்தார்கள் என்பதை அந்த 11 காட்டிக்கொடுக்கிறது. பெரிய எண்களின் காரணிகளும் வரலாற்றுச் சான்றுதான்.

காணி என்ற சொல்லுக்கும் ஓர் எண் உண்டு. பழைய தமிழ்க் கணக்கில் மா இருபதில் ஒன்று, காணி எண்பதில் ஒன்று, இரண்டும் கூடிய மாகாணி பதினாறில் ஒன்று. முந்திரி 320இல் ஒன்று. 320 என்பது 64க்கும் 20க்கும் பொதுவான மிகச் சிறிய மடங்கு. அதனால் பாதி பாதியாகப் பிரிப்பவரும், இருபதாகப் பிரிப்பவரும் ஒரே வாய்பாட்டில் கணக்கை முடிக்கலாம். முந்திரியை முந்திரியால் பெருக்கினால் 1,02,400இல் ஒன்றான கீழ்முந்திரி. மூன்றில் ஒன்று இதற்குள் அடங்காதே என்று கேட்கலாம். அடங்காதுதான், ஆனால் 107 முந்திரி எடுத்தால் பிழை 960இல் ஒன்றுதான்.

சோழ மன்னன் இராசராசன் காலத்தில் நிலம் ஒரு வேலியின் 5,242,88,00,000இல் ஒரு பங்குவரை அளக்கப்பட்டது என்று வரலாற்று நூல்கள் வியக்கின்றன. வேலியை ஏறத்தாழ ஆறே முக்கால் ஏக்கர் என்று கொண்டால், அந்தப் பங்கு ஒரு சதுர மில்லிமீற்றரில் பாதியளவுதான். கோல் பிடித்து இதை அளந்தவர் யாரும் இருக்க முடியாது. எண்ணைப் பிரித்துப் பாருங்கள்: 320ஐ நான்கு முறை பெருக்கி, மேலும் 5ஆல் பெருக்கினால் அதுவே வரும். 2 இருபத்து நான்கு தடவை, 5 ஐந்து தடவை. வேறு காரணி இல்லை. சாணுக்குப் பன்னிரண்டு விரல். கோலின் விரற்கணக்கிலிருந்து இந்த நுட்பம் பிறந்திருந்தால் 3 எங்கேனும் தலைகாட்டியிருக்க வேண்டும்.

இந்தப் பின்னங்களைப் பெருக்கிப் பெற்ற எண்ணில் 2உம் 5உம் இருப்பது என்ன வியப்பு என்று ஒருவர் மறுக்கலாம். என் வாதத்துக்கு அந்த மறுப்பே துணை. இந்த எண் கல்வெட்டில் இல்லை. கல்லில் இருப்பவை மா, காணி, முந்திரி, கீழ் என்ற சொற்கள். ஊர்நத்தம், குளம், வாய்க்கால், சுடுகாடு எல்லாம் கழித்து, மிஞ்சிய நிலத்துக்கு இறை கட்டினார்கள். கழித்ததும் மிஞ்சியதும் கூடினால் மொத்தம் வரவேண்டும். அதனால் கடைசித் துணுக்கையும் கணக்கர் விடவில்லை. ஆகவே நாம் வியக்கவேண்டியது அளந்தவரின் கண்ணை அல்ல, கணக்கு எழுதியவரின் பிடிவாதத்தை.

காணி கல்வெட்டுகளில் பரம்பரை உரிமையையும் குறித்தது. பின்னம் முந்தியதா, உரிமை முந்தியதா என்ற வழக்கு இங்கே தேவையில்லை. சோழர் கணக்கில் எண்பதில் ஒன்றான அதே சொல்லில்தான் இன்று காணி உறுதி எழுதப்படுகிறது, காணிக் கச்சேரி நடக்கிறது. அக்கராயனில் நிலத்தின் பெயர் தமிழ் வாய்பாட்டில் உள்ள சொல், அதன் அளவு ஆங்கிலேயர் சங்கிலியிலிருந்து வந்தது.