பன்னிரண்டு ஆண்டு அவசரம்

அவசரம் என்றால் நமக்கு விரைவு, பொறுக்க மாட்டாமை. அவசரக்காரன், அவசரக்குடுக்கை என்று இச்சொல்லிலிருந்து கிளைத்தவை எல்லாம் மூச்சிரைக்க ஓடிக்கொண்டே இருப்பவை. அத்தகைய சொல்லோடு 'காலம்' என்பதைக் கூட்டி, 1948 ஜூன் மாதம் தொடங்கி 1960 ஜூலை 31 வரை நீண்ட ஒரு காட்டுப்போருக்குப் பெயராக வைத்திருக்கிறார்கள் என்றால், சொற்சுவை அறிந்தவர் அங்கே சற்று நின்றுவிடுவார். மலாயாவில் பிரித்தானிய ஆட்சிக்கும் பொதுவுடைமைக் கிளர்ச்சியாளருக்கும் நடந்த அந்தப் போரை மலேசியத் தமிழர் இன்றும் 'அவசரகாலம்' என்றே சொல்கிறார்கள்.

சொல்லை முதலில் பிரித்துப் பார்ப்போம். அவசரம் வடசொல். 'கீழ்' என்னும் பொருள் தரும் 'அவ' என்ற முன்னொட்டு, செல்லுதல், ஓடுதல் என்னும் பொருளுடைய வேரோடு கூடியது. இறங்கி வருதல் என்பதிலிருந்து, தானே வந்து வாய்த்த வேளை என்று பொருள் விரிந்தது. இந்திக்காரருக்கும் மலையாளிக்கும் அது இன்றளவும் வாய்ப்புத்தான். தெலுங்கர் வாயில் அது தேவை. கன்னடரும் நாமும் அதை விரைவாக்கிக்கொண்டோம். வேளை வாய்த்தது; வாய்த்த வேளையைத் தவறவிடாத தேவை பிறந்தது; தேவை மிகுந்து பதற்றமாயிற்று. சாவகாசமாகப் பிறந்த சொல் எல்லை கடக்கக் கடக்கப் படபடப்பு ஏறி நம்மிடம் வந்து சேர்ந்திருக்கிறது!

அவசரகாலம் என்ற பெயருக்கு மூலமான ஆங்கிலச் சொல் 'எமர்ஜென்சி'. அதன் அடியில் கிடக்கும் இலத்தீன் வினைக்கு மூழ்கியிருந்தது மேலெழுதல் என்று பொருள். அதே ஆங்கிலத்தில் கிளர்ச்சியாளரைக் குறிக்கும் 'இன்சர்ஜென்ட்' என்பதும் எழுதல் என்னும் இலத்தீன் வினையின் பிள்ளைதான். நம் கிளர்ச்சியோ கிளர் என்னும் வினையிலிருந்து வந்தது. அதற்கும் மேலெழுதலே பொருள். அடக்க வந்தவன் சொல்லும் எழுந்தவன் சொல்லும் ஒரே பொருளில் வேர் விட்டிருப்பது அழகான தற்செயல். மலாய் மொழியோ அரபியிலிருந்து 'டாருராட்' என்ற சொல்லை எடுத்துக்கொண்டது. அது வேறு வழியற்ற தேவையைச் சொல்வது. தெலுங்கரின் அவசரத்துக்குப் பக்கத்து வீடு.

போர் என்று ஏன் சொல்லவில்லை? 1948 ஜூன் 16 அன்று பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் ஐரோப்பியத் தோட்ட அதிகாரிகள் மூவர் சுட்டுக் கொல்லப்பட, அடுத்த சில நாளில் மலாயா முழுவதும் இந்தப் பெயர் விரிந்தது. வரலாற்றாசிரியர் பலரும் சுட்டும் காரணம் காப்பீடு. தோட்டங்களும் ஈயச் சுரங்கங்களும் கலவரத்தால் அழிந்தால் இழப்பீடு கிடைக்கும், போரால் அழிந்தால் கிடைக்காது. இன்னொரு காரணம் சட்டம். போர் என்றால் எதிரிக்குப் போர்க்கைதி என்னும் தகுதி வரும்; அவசரகாலம் என்றால் விசாரணையின்றி அடைக்கலாம், நாடுகடத்தலாம், துப்பாக்கி வைத்திருந்ததற்கே தூக்கிலிடலாம். உலகப்போரில் கடன்பட்டு நின்ற இங்கிலாந்துக்கு அமெரிக்க டாலரை ஈட்டித் தந்தவை மலாயாவின் ரப்பரும் ஈயமும் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், இந்தப் பெயரே ஒரு வெளியுறவுக் கொள்கை என்பது விளங்கும். வீட்டுக்குள் நடக்கும் சிறு கலகம், அயலார் எட்டிப் பார்க்க வேண்டாம் என்று அது உலகத்திடம் சொல்லிற்று.

எட்டிப் பார்த்தவர் இல்லாமலில்லை. அகில மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவராக இருந்தவர், தஞ்சை மண்ணில் பிறந்த எஸ்.ஏ. கணபதி. ஆயுதம் வைத்திருந்த குற்றத்துக்காக 1949 மே 4 அன்று அவர் கோலாலம்பூர் புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். நேருவின் இந்திய அரசு எட்டிப் பார்த்து அவருக்காகக் கருணை வேண்டியும் பயனில்லை. நம் பக்கத்தில் அவர் 'மலாயா கணபதி' ஆனார். நாட்டின் பெயரே அடைமொழியாக அமைந்தது.

எதிரிக்கு இட்ட பெயரும் நிலைத்து நிற்கவில்லை. உலகப்போரில் சப்பானியரை எதிர்த்தபோது, பின்னாளில் கிளர்ச்சித் தலைவரான சின் பெங்கும் அவர் தோழர்களும் பிரித்தானியருக்குக் கூட்டாளிகள். சின் பெங்குக்கு விருதுகூட உண்டு. 1948-இல் அவர்களே கொள்ளையர் ஆனார்கள். ஆனால் சப்பானியரும் சீனத் தேசியவாதிகளும் தம் எதிரிகளை அப்படித்தான் அழைத்திருந்தார்கள். மக்கள் நினைவில் அச்சொல்லுக்கு வேறு வாடை இருந்தது. 1952-இல் அரசு அதைக் கைவிட்டுப் 'பொதுவுடைமைப் பயங்கரவாதி' என்று மாற்றிற்று. பயங்கரவாதியைவிட அதன் முன்னொட்டே எனக்கு முதன்மையாகப் படுகிறது. கொரியாவில் போர் நடந்துகொண்டிருந்த அந்த ஆண்டுகளில், 'பொதுவுடைமை' என்ற ஒரு சொல், குடியேற்ற ஆட்சியின் உள்வீட்டுச் சிக்கலை உலகப் பனிப்போரின் ஒரு முனையாகக் காட்டிற்று. வேண்டும்போது உள்நாட்டுக் கலகம், வேண்டும்போது உலகப் போராட்டம்.

1950-இல் வந்த பிரிக்ஸ் திட்டம் காட்டோரத்துச் சீனக் குடியேறிகள் ஏறத்தாழ ஐந்து லட்சம் பேரைப் பெயர்த்து முள்வேலிக்குள் வைத்தது. 'புதிய கிராமம்' என்று பெயர். தோட்டத்துத் தமிழர் குடியிருப்புகளையும் நெருக்கி வேலியிட்டார்கள். காட்டுக்கு அரிசி போகாமல் தடுப்பதே நோக்கம். வேலிக்குள் ஊரடங்கும் உண்டு. நம்முடைய அந்தச் சொல்லை நினைத்துப் பாருங்கள். இரவில் ஊர் தானே அடங்குவதையும் சொல்லும், அதட்டி அடக்கப்படுவதையும் சொல்லும்.

1955 டிசம்பரில் பாலிங் ஊரில் மலாயாவின் அன்றைய முதலமைச்சர் துங்கு அப்துல் ரகுமானும் சின் பெங்கும் நேரில் பேசினார்கள். பேச்சு உடைந்ததற்குப் பெரிய காரணம் 'சரணடைதல்'. ஆயுதத்தை வைக்கலாம், சரணடைந்தோம் என்று ஒப்ப முடியாது என்பது சின் பெங் நிலை. 1957-இல் விடுதலை வந்த பிறகும் அவசரம் தொடர்ந்தது.

இந்தியாவில் 1975-இல் எமர்ஜென்சி வந்தபோது தமிழ்நாட்டு எழுத்தில் 'நெருக்கடி நிலை' என்ற சொல் ஊன்றியது. நெருங்கு, நெருக்கு, நெரி, நெரிசல் என்னும் குடும்பத்தில் பிறந்தது அது. வல்லொற்று இரட்டித்து, டகரத்தில் முட்டி நிற்கும் ஒலியிலேயே மூச்சு முட்டுகிறது. விரைவைச் சொல்லும் அவசரகாலம் ஆட்சியாளன் பார்வை. முள்வேலிக்குள் இருந்தவர்க்குப் பொருந்துவது நெருக்கடியே என்பது என் துணிபு. ஆயினும் மலேசியத் தமிழரிடம் வேரூன்றிய சொல்லை மாற்றுங்கள் என்று கேட்க மாட்டேன். அகராதி தொகுப்போர் 'அவசரகாலம்' என்னும் பதிவின்கீழ், 1948 முதல் 1960 வரை மலாயாவில் நடந்த போர் என்னும் பொருளையும் ஆண்டோடு சேர்த்து எழுதட்டும். தோட்டத்தில் அக்காலத்தைக் கண்ட முதியவர் உங்கள் வீட்டில் இருந்தால், வேலியையும் சோதனைச் சாவடியையும் அளந்து தந்த அரிசியையும் அவர்கள் என்ன பெயரிட்டு அழைத்தார்கள் என்று கேட்டு, அவர்கள் ஒலித்தபடியே எழுதி வையுங்கள்.