எடைக்குறைப்பு அறுவைக்கு முந்தைய மரண அச்சம்

மருத்துவமனைகள் பேரியாட்ரிக் சர்ஜரி என்று குறிப்பிடும் எடைக்குறைப்பு அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்தபின், ‘மேசையிலேயே போய்விடுவேனோ’ என்று நோயாளியைப் பிடிக்கும் பயம். இது நோயன்று, கோழைத்தனமும் அன்று. அறுவை எதுவானாலும் முன்னதாகப் பயம் வரும். ஆனால் இந்தப் பயத்துக்குத் தனிக் குணம் ஒன்று உண்டு. குடல்வால் வெடிக்கும் நிலையில் தூக்கி வரப்படுபவருக்கு யோசிக்க நேரமில்லை. எடைக்குறைப்புக்கு வருபவரோ தன் காலால் நடந்து வருகிறார், தேதியையும் தானே குறிக்கிறார். அதனால் பயத்தோடு குற்ற உணர்வும் சேர்ந்துகொள்கிறது. ‘வாயைக் கட்டினால் போதாதா, சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வானேன்’ என்று உறவினர் சொன்ன ஒரு வார்த்தை நள்ளிரவில் திரும்பத் திரும்ப ஒலிக்கும். சிறு பிள்ளைகள் உள்ளவர்களை இது கூடுதலாக வாட்டுகிறது. உண்மையை மறைத்துப் பித்தப்பைக் கல் ஆபரேஷன் என்று சொல்லிவிட்டு வருபவர்களும் உண்டு. அவர்களுக்குப் பயத்தைப் பகிரக்கூட ஆள் இல்லை.

பெயரே பயமுறுத்துவதும் உண்டு. இரைப்பையைச் சிறு பையாக்கிச் சிறுகுடலோடு இணைக்கும் முறைக்குக் ‘காஸ்ட்ரிக் பைபாஸ்’ என்று பெயர். ‘பைபாஸ்’ என்ற சொல்லைக் கேட்டதும் தமிழ்க் குடும்பங்களில் நினைவுக்கு வருவது இதய அறுவை. நெஞ்சைத் திறக்கப்போகிறார்கள் என்று பாட்டி அழுதுகொண்டிருக்கையில், வயிற்றில் நான்கைந்து சிறு துளைகள் மட்டுமே போடுவார்கள் என்பதை யாராவது பொறுமையாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. செய்திகளும் பயத்தை வளர்க்கின்றன. 2024இல் சென்னைப் புறநகர் மருத்துவமனை ஒன்றில் இந்தச் சிகிச்சைக்காகச் சேர்ந்த இளைஞர் இறந்தபோது அது பல நாள் பேசப்பட்டது; அரசும் விசாரணை நடத்தியது. நலமாக வீடு திரும்புபவர் செய்தியாவதில்லை.

எண்கள்

அச்சத்துக்கு அடிப்படையே இல்லை என்று சொல்வது பொய். அமெரிக்காவில் 4,776 நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்து 2009இல் வெளியான ஆய்வில், அறுவைக்குப் பின் 30 நாட்களுக்குள் இறந்தவர்கள் 0.3 விழுக்காடு, அதாவது ஆயிரத்தில் மூவர். வயிற்றைக் கிழித்துச் செய்த பைபாஸில் இது 2.1 விழுக்காடு, சிறு துளைகள் வழியே செய்யும் லேப்ராஸ்கோப்பி முறையில் 0.2. பழைய கதைகளைச் சொல்லிப் பயமுறுத்துபவர்களிடம் இந்த ஒரு வேறுபாட்டைச் சொன்னாலே போதும். இறப்புக்கு முக்கியக் காரணங்கள் காலில் உறைந்த ரத்தம் நுரையீரலை அடைப்பது, தையல் கசிவு, இதயக் கோளாறு ஆகியவை.

தராசின் மறுதட்டையும் பார்க்க வேண்டும். ஸ்வீடனில் 1987இல் தொடங்கிய நீண்ட ஆய்வில் அறுவை செய்துகொண்ட 2,010 பேரில் ஐவர் 90 நாட்களுக்குள் இறந்தனர். ஆனால் சராசரியாக ஏறத்தாழ 11 ஆண்டுகள் கழித்துக் கணக்கெடுத்தபோது அந்தக் குழுவில் மொத்த இறப்பு 101. அறுவை செய்துகொள்ளாத 2,037 பேரில் 129. ஆபத்து அறுவை அரங்கில் மட்டும் இல்லை, வழக்கமான வாழ்க்கையிலும் இருக்கிறது. எனினும் இந்த எண்கள் கூட்டத்துக்கு உரியவை. ‘என் வயதில், என் சர்க்கரையோடு, உங்கள் கையில் எவ்வளவு?’ என்று அறுவை மருத்துவரையே கேட்பதுதான் முறை. அந்தக் கேள்விக்கு எரிச்சல்படும் மருத்துவரை மாற்றிக்கொள்வது நல்லது.

பயத்துக்கு ஒரு வேலை

மேற்சொன்ன அமெரிக்க ஆய்வு இன்னொன்றையும் காட்டியது. முன்பு ரத்தக்கட்டு வந்தவர்கள், தூக்கத்தில் மூச்சுத் தடைபடுபவர்கள், சிறிது தூரம்கூட நடக்க முடியாதவர்கள் ஆகியோருக்கே சிக்கல் அதிகம். நோயாளி தாமே கைவைக்கக்கூடிய இடம் இது. குறட்டை இருந்தால் முன்பே சொல்லி, தூக்கத்தில் மூச்சுத் தடைபடாமல் காற்றைச் செலுத்தும் சிபாப் கருவியைப் பழகிக்கொள்ளலாம். புகையை நிறுத்தலாம், தினமும் நடக்கலாம். மூச்சுப் பயிற்சிக்கான மூன்று பந்துக் கருவியில் மூச்சை இழுத்துப் பழகலாம். பலர் அதை ஊதுகிறார்கள், இழுப்பதே சரி. அறுவைக்கு முந்தைய இரு வாரக் குறை கலோரி உணவு வெறும் ஒழுக்கச் சோதனை அல்ல. கல்லீரலின் கொழுப்பைச் சுருக்கி மருத்துவரின் கருவிக்கு இடம் தருவது அது. அறுவை முடிந்த அன்றே எழுந்து நடக்கச் சொல்வது ரத்தம் உறையாமல் காக்க. பயத்தை உதறச் சொல்லி அறிவுரை கூறுவதைவிட இப்படி அதற்கு வேலை கொடுப்பது மேல்.

பயத்தில் தூக்கம் வராவிட்டாலும் தூக்க மாத்திரையைச் சொந்தமாகப் போட்டுக்கொள்ளக் கூடாது. மூச்சுத் தடை உள்ளவருக்கு அது ஆபத்து.

1996இல் வெளியான ஆம்ஸ்டர்டாம் அளவுகோல் ஆறே கேள்விகளில் அறுவைக்கு முந்தைய பதற்றத்தை அளக்கிறது. நான்கு பயத்தைப் பற்றியவை, இரண்டு தகவல் வேண்டுமா என்பதைப் பற்றியவை. பதற்றம் மிகுந்தவர்களே விவரமும் அதிகம் கேட்கிறார்கள் என்பது அதை உருவாக்கியவர்கள் கண்டது. எனவே, ‘ஒன்றும் ஆகாது, தைரியமாயிரு’ என்று வாயடைப்பது பெரும்பாலும் உதவாது. மயக்க மருந்தில் எழாமல் போய்விடுவோமோ என்று அஞ்சுபவருக்கு, மூச்சையும் ஆக்சிஜனையும் நொடிக்கு நொடி பார்க்கும் மயக்கவியல் மருத்துவர் பக்கத்திலேயே இருப்பார் என்று அவரே வந்து சொல்வது ஆறுதல். விவரம் வேண்டாம் என்பவரை அவர் போக்கில் விட வேண்டும்.

பிள்ளைகளுக்குக் கடிதம் எழுதுவதையும், வங்கி விவரங்களைத் துணைவரிடம் சொல்லி வைப்பதையும் அபசகுனம் என்று வீட்டார் தடுப்பதுண்டு. தடுக்க வேண்டாம். சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டவருக்கு அன்றிரவு கொஞ்சமாவது தூக்கம் வரும். இரவு பகலாகத் தூக்கமின்மை, நெஞ்சு படபடப்பு, அழுகை தொடர்ந்தால் மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும். அறுவை நாளைத் தள்ளிவைக்கவும் செய்யலாம். இது பெரும்பாலும் அவசர அறுவை அன்று. ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திட்ட பிறகும், மயக்க மருந்து ஏறும் வரை, ‘இன்றைக்கு வேண்டாம்’ என்று சொல்லும் உரிமை நோயாளிக்கு உண்டு.