ஆடைக் காட்சியும் ஆடை செய்தவரும்

சிரம்பானுக்குத் தென்கிழக்கே அமைந்துள்ள செனாவாங், ஒரு காலத்தில் இரப்பர்த் தோட்டங்கள் சூழ்ந்திருந்த ஊர். பின்னர்த் தொழிற்பேட்டையாகவும் குடியிருப்புகளாகவும் உருமாறிய ஊர். சம்பள நாளன்று துணி வணிகர் தோட்டத்திற்கே வந்து கடைவிரித்த காலம் போய்விட்டது. இன்று இரவிக்கையும் பாவாடை சட்டையும் பஞ்சாபி உடையும் தாமே வடிவமைத்துத் தைத்து விற்கும் பெண்கள் இத்தகைய ஊர்களில் உளர். தீபாவளி நெருங்குங்கால் ஆடையலங்காரக் காட்சிகளில் பங்குபெறுமாறு அவர்களுக்கும் அழைப்பு வருகிறது. அழைப்பை ஏற்றால் கட்டணம் செலுத்த வேண்டும். கேட்பார் யாரென்று அறியாமலே பத்துப் பன்னிரண்டு உடைகளைத் தைத்தாக வேண்டும். அவற்றை அணிந்து நடப்போர்க்கும் ஒப்பனை செய்வோர்க்கும் கூலி தரவேண்டும். இத்துணைச் செலவும் பயன் தருமா என்பது அவர்களின் வினா. இது நேற்றுத் தோன்றிய வினாவன்று. தமிழ் நெசவாளர்தம் வாழ்வில் ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேலாகத் தொடர்ந்துவரும் வினா இது.

உயிருள்ள பெண்களுக்கு ஆடை அணிவித்து வாடிக்கையாளர்முன் நடக்கச் செய்யும் வழக்கத்தைப் பரப்பியவர், 1858-இல் பாரிசில் ஆடையகம் தொடங்கிய சார்லஸ் பிரெடரிக் வொர்த் என்பர். அவர் ஆடைகளில் தம் பெயர் பொறித்த துணிச்சீட்டைத் தைத்தார் என்பதே நாம் ஈண்டுக் கருதத்தக்கது. காட்சியைக் கண்டவர்க்கு எவரிடம் செல்ல வேண்டுமென்பது தெரிந்திருந்தது.

அதற்கு ஏழாண்டுகட்கு முன்னர், 1851-இல், இலண்டன் ஹைடு பூங்காவில் பெருங்கண்காட்சி நிகழ்ந்தது. அறுபது இலட்சம் பேர் அதனைக் கண்டனர். ஆங்கிலத் தொழிலதிபர்கள் தத்தம் பெயராலேயே பொருள்களை வைத்தனர். இந்தியத் துணிகளையோ கிழக்கிந்தியக் கம்பெனி தன் பெயரால் வைத்தது. அவற்றின் வண்ண ஒழுங்கை ஓவன் ஜோன்ஸ் போன்ற கலையறிஞர் வியந்து போற்றினர். ஆயின், தறியில் அமர்ந்து அவற்றை நெய்தவன் யாரென்று வியந்தோர்க்குத் தெரியவில்லை. தன் துணியை எவர் வியந்தார் என்று நெய்தவனுக்கும் தெரியவில்லை. கண்காட்சியில் எஞ்சிய இலாபம் ஏறத்தாழ 1,86,000 பவுன். அது தென் கென்சிங்டனில் அருங்காட்சியகம் முதலான நிறுவனங்கள் எழ உதவிற்று.

இதனினும் நுணுகி ஆராயத்தக்கது 1866-இல் நிகழ்ந்த ஒரு செயல். இந்திய அலுவலகத்தைச் சேர்ந்த ஜான் ஃபோர்ப்ஸ் வாட்சன் என்பார், அங்குச் சேர்ந்திருந்த இந்தியத் துணிகளைச் சிறுசிறு துண்டுகளாக வெட்டி, தாளில் ஒட்டி, பதினெட்டுத் தொகுதிகளாகக் கட்டுவித்தார். ஒரு தொகுப்பில் 700 மாதிரிகள். இத்தகைய தொகுப்புகள் இருபது. தலைப்பாகை, சேலை, வேட்டி என உடுத்தும் முறைக்கேற்ப வகைப்படுத்தி, நீளம், அகலம், எடை, நெய்த ஊர் ஆகியவற்றையும் குறித்தார். இருபதில் பதின்மூன்று பிரிட்டனுக்கும் ஏழு இந்தியாவுக்கும் ஒதுக்கப்பட்டன. நோக்கத்தை அவர் மறைக்கவில்லை. இந்திய மக்கள் எதனை உடுக்கின்றனர் என்று பிரித்தானிய ஆலையார் அறிந்து, அதற்கேற்ப நெய்து அனுப்ப வேண்டும் என்பதே அது. சென்னை மாகாணத்து நெசவாளன் தலைமுறை தலைமுறையாகக் கற்ற கரைக்கட்டும் கட்டமும் இவ்வாறு மான்செஸ்டர்க்காரனின் மேசைமீது செலவின்றி விரிந்தன. இதனைக் கண்காட்சி என்பதா, களவு என்பதா? சட்டப்படி களவன்று, அக்காலத்தில் நெசவாளனைக் காக்கும் சட்டமே இல்லை.

நூறாண்டு கழித்தும் நிலைமை முழுதும் மாறிவிடவில்லை. 1958-இல் வில்லியம் ஜேக்கப்சன் என்னும் அமெரிக்க இறக்குமதியாளர், கேப்டன் சி. பி. கிருஷ்ணன் நாயரிடம் சென்னைக் கட்டத்துணியை வாங்கி, நியூயார்க்கின் புரூக்ஸ் பிரதர்ஸ் கடைக்கு விற்றார். சாயம் போகும் துணி அது. எப்படித் துவைக்க வேண்டும் என்னும் குறிப்பு வாங்கியோரைச் சென்றடையவில்லை. வண்ணங்கள் ஒன்றோடொன்று கலந்துவிட, வாங்கியோர் சினந்தனர். விளம்பரக்காரர்களோ அக்குறையையே அணியாக்கி, சாயம் கசிவதற்கு உறுதி என்று சொல்லி விற்றனர் என்பர். அமெரிக்கக் கல்லூரி இளைஞரிடையே அத்துணி பெருமோகமாயிற்று. ஊர்ப் பெயர் ஓங்கியது. நெய்தவர் பெயர் அப்போதும் எங்கும் இல்லை. மோகம் தணிந்தபின் தறிகளுக்கு என்ன கிடைத்தது?

எனினும் காட்சியே வீண் என்று முடிவு கட்டிவிட இயலாது. ருக்மிணி தேவி அருண்டேல் 1937-இல் கலாக்ஷேத்திராவில் நெசவுக்கூடம் ஒன்றை நிறுவினார். மறைந்துகொண்டிருந்த பழைய கரைகளையும் வண்ணச் சேர்க்கைகளையும் காஞ்சிபுர மரபின்வழி மீட்டு நெய்வித்தார். நாட்டிய மேடையே அச்சேலைகளுக்குக் காட்சிமேடையாயிற்று. ஆடலைக் கண்ட பெண்டிர் சேலையையும் கண்டனர். விரும்பியோர் அக்கூடத்திலேயே கேட்டுப் பெற முடிந்தது. வேறுபாடு இதிலேதான் உள்ளது. மேடைக்கும் தறிக்கும் இடையே தூரம் இல்லை. ஒருநாள் கைதட்டலோடு உறவு முடியவும் இல்லை. 1935-இல் தோன்றிய கோ-ஆப்டெக்ஸ் கூட்டுறவு நிறுவனமும், மேடையை நாடாமல், கடைகளின் வாயிலாகவே நெசவாளர்க்குத் தொடர்ந்த விற்பனையைத் தேடித் தந்தது.

நம் நாட்டிலும் இவ்விரு வழிகளையும் காணலாம். டத்தின் ஸ்ரீ எண்டோன் மாமூட்டின் முயற்சியால் 2003-இல் தோன்றிய பியாலா ஸ்ரீ எண்டோன் போட்டி, பாத்தேக் வடிவமைப்பாளர் சிலரைப் பெயர் சொல்லி வெளியுலகிற்கு அறிமுகம் செய்தது. அது நன்றே. ஆயினும் அரசு ஊழியர் வியாழக்கிழமைதோறும் பாத்தேக் அணியவேண்டும் என 2008-இல் பிறந்த விதி, கிளந்தான், திரங்கானு பட்டறைகளுக்கு வாரந்தோறும் அணிவோரைத் தேடித் தந்தது. எந்த மேடையும் இவ்வளவு பேரைத் தர இயலாது என்பது என் கருத்து.

இந்தியாவில் 2000-ஆம் ஆண்டு தொடங்கிய ஆடை வடிவமைப்பு வார விழா, கடைகளுக்குக் கொள்முதல் செய்வோரையும் வடிவமைப்பாளரையும் ஓரிடத்தில் சந்திக்க வைத்தது. இந்நாட்டுத் தீபாவளிக் காட்சிகளுக்கு வருவோரோ பெரும்பாலும் குடும்பத்தோடு பொழுதுபோக்க வருவோர். கொள்முதல் செய்வோர் அவையில் எத்தனை பேர் என்று கேட்டறிந்த பின்னரே செனாவாங்குத் தையற்பெண் கட்டணத்தை எண்ணித் தருதல் வேண்டும். ஐம்பது இரவிக்கைக்கு ஒருங்கே ஆணை வந்தால் தைத்து முடிக்க வீட்டில் ஆளுண்டா என்பதும் முன்னரே எண்ணத்தக்கது. ஆணையைப் பெற்று, உரிய நாளில் கொடுக்க இயலாமற் போவதினும், மேடையேறாமல் இருந்துவிடுவதே பெயருக்கு நல்லது.

வாட்சனின் காலத்தில் இல்லாத காப்பு ஒன்று இன்று உண்டு. மலேசியத் தொழில் வடிவமைப்புச் சட்டம் 1996-இல் இயற்றப்பட்டு 1999-இல் நடைமுறைக்கு வந்தது. பதிவு பெற்ற வடிவத்திற்கு 2013-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி இருபத்தைந்து ஆண்டுகள்வரை காப்பு நீளும். ஆனால் வடிவம் புதியதாக இருத்தல் வேண்டும். முன்னரே பலர்முன் காட்டப்பட்டது புதியதன்று. அதிகாரப்பூர்வமான கண்காட்சியில் வைத்ததாயின் ஆறு மாதத்திற்குள் விண்ணப்பிக்கச் சட்டம் இடந்தருகிறது. கோயில் மண்டபத்திலோ பேரங்காடியிலோ நடக்கும் சிறு காட்சி அவ்வகையில் அடங்காமற் போகலாம். ஆகவே அத்தகைய மேடைக்குச் செல்லும் புதிய வடிவத்திற்கு, காட்சி நாளுக்கு முன்னரே விண்ணப்பம் சென்றிருத்தல் வேண்டும்.